நக்ஷா சாயபு மடிக்கமாட்டார்

அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு பொருளை மடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. செய்தித்தாளை மேஜைமேல் முழுசாக விரித்து, நின்றுகொண்டே படிப்பார். கடிதம் எழுதினால் மடித்து உறையில் போடவேண்டி வருமே என்று எல்லாருக்கும் கார்டில்தான் எழுதுவார். வெற்றிலையைச் சுருட்டித்தான் வாயில் போடுவார். ஐப்பசி மழையில் லஸ் முனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போகும். இவர் ஒருவர் மட்டும் வேட்டி நனைய, துருக்கித் தொப்பி நனைய, நிதானமாக நடந்து வருவார். குடையை மடித்துத்தானே ஆகவேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவரிடம் குடையே கிடையாது.

"சுருட்டலாம் மொதலியாரே, மடிக்கக்கூடாது" என்பார். பதினோரு வருஷத்தில் இந்த ஒரு பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சில நாள் எரிச்சல் தாங்காமல், அவர் கண்ணெதிரில் ஒரு காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். மனிதர் கண்ணை மூடிக்கொள்வார்.

அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு நூலகத்தில் வாசிப்பறை குமாஸ்தா. யாரோ ஒரு ஜமீன்தார் தன் பங்களாவையும் அதிலிருந்த புத்தகங்களையும் ஊருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அந்தப் பங்களாவின் மாடியில் மூன்று ஜன்னல் வைத்த பெரிய அறை ஒன்று. அது முழுக்க வரைபடங்கள். நாங்கள் அதை மேப் ரூம் என்போம். அதற்குப் பொறுப்பாளர்தான் இவர். உருதுவில் வரைபடத்துக்கு நக்ஷா என்று பெயராம். அதனால் காவல்காரன் முதல் காரியதரிசி வரைக்கும் எல்லாருக்கும் அவர் நக்ஷா சாயபுதான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மேப் ரூமில் அலமாரி கிடையாது. கட்டில் அகலத்துக்குத் தட்டையான இழுப்பறைகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு. படங்கள் அதற்குள் கைகால் நீட்டிப் படுத்திருக்கும். யாராவது ஒரு படம் கேட்டால் இரண்டு பேர் வேண்டும். சாயபு தலைமாட்டைப் பிடிப்பார், நான் கால்மாட்டைப் பிடிக்கவேண்டும். பிணம் தூக்குகிற மாதிரி மெதுவாக நடந்து மேஜையில் கிடத்துவோம். கீழே என் வாசிப்பறையில் இருபது பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். "ஒரு ஆள் கொண்டுவரக்கூடிய காகிதம்தானே இது?" என்று கேட்டால், "ஒரு ஆள் தூக்கினா நடுவுல வளையும். வளஞ்சா மடியும். மடிஞ்சா போச்சு" என்பார். என்ன போச்சு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். படம் அறையை விட்டு வெளியே போகாது. ஒரு தடவை பெரிய இடத்திலிருந்து கார் அனுப்பி ஒரு படத்தைக் கேட்டார்கள். "படம் வராது. அவங்க வரட்டும். நாற்காலி கீது, காத்து வருது" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். காரியதரிசி தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பெரிய இடம் மாடிப்படி ஏறி வந்துதான் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆனால் தேடி வந்தவர்களுக்கு அவர் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. மந்தைவெளியிலிருந்து ஒருவர் வந்தார், பெண்ணுக்கு வரன் பார்த்துவிட்ட தகப்பன். மாப்பிள்ளை ஊர் எங்கேயோ கொல்லிமலைப் பக்கம். சாயபு படத்தை விரித்து, ஒரு நூலை எடுத்து, சாலை வளைந்த இடத்திலெல்லாம் நூலையும் வளைத்து வைத்து, மாப்பிள்ளை ஊரிலிருந்து ரயிலடி வரைக்கும் பொறுமையாக அளந்தார். பிறகு அந்த நூலை அளவுகோலில் நீட்டிப் பார்த்தார்.

"விடிகாலைல மாட்டு வண்டில கெளம்பினா மத்தியானம் ரயிலடி. அப்பால ஒரே ரயிலு. பொண்ணு நெனச்சா மறுநாள் ஒங்க வூட்ல இருக்கலாம்" என்றார்.

"ஆறு ஏதாவது குறுக்கே போறதா?"

"ஒண்ணு போவுது. பாலம் கீது. நான் பாத்துட்டேன்."

அந்தத் தகப்பன் அந்த நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் பெண்ணின் அம்மாவுக்குக் காட்டவேண்டுமாம்.

மாம்பலம் ஏரியை வடித்துத் தியாகராய நகர் என்று மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் வேறு. மனை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது மாடிக்கு வந்துவிடுவார்கள். சாயபு ஏரி இருந்த பழைய படத்தை மேஜையில் கிடத்தி, அதன்மேல் புதுத் தெருக்கள் வரைந்த மெல்லிய தாளைப் போர்த்துவார். "இதோ ஒங்க மனை. இதோ ஒங்க அடுக்களை. அடுக்களைல ரெண்டு ஆள் ஆழம்" என்பார். வந்தவர் முகம் செத்துப்போகும். "பயப்படாதீங்க, கெணறு வெட்டினா நல்ல தண்ணி வரும்" என்று உடனே ஆறுதலும் சொல்லுவார். இப்படி அவர் சொல்லி மனை வாங்காமல் ஓடியவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். இன்றைக்குப் பாண்டி பஜார் பக்கம் போகும்போதெல்லாம் அவரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

என் தங்கை கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கவேண்டாம். நூலகத்து ஆட்கள் ஒரு வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்து எல்லாரும் இலையைத் தங்கள் பக்கம் மடித்துவிட்டு எழுந்தார்கள். சாயபு இலை மட்டும் திறந்தே கிடந்தது. திறந்த இலையைப் பார்த்தால் பரிமாறுகிறவன் சும்மா போவானா? சோறு போட்டான். போட்டதை வீணாக்குவது பாவம் என்று இவர் சாப்பிட்டார். ரசம் வந்தது. பாயசம் வந்தது. மறுபடி பாயசம் வந்தது. மூன்றாவது தடவை பாயசம் வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

இதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்துவிட்டார். "என்ன, உங்க ஆள் இலையை மடிக்கல? சாப்பாட்டுல குறையா, இல்ல எங்க சம்பந்தத்துல குறையா?" என்று பந்தி கேட்க என்னைக் கேட்டார். கல்யாண வீட்டில் மடிக்காத இலை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் குனிந்து, "சாயபு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்த ஒரு தடவை மடிச்சிடுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுருட்டட்டுமா மொதலியாரே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், நுனியில் ஆரம்பித்து அடி வரைக்கும் பாங்காகச் சுருட்டிவிட்டார். இலையில் மிச்சம் இருந்த ரசமெல்லாம் ஒரு பக்கமாக ஓடி வந்து பெரியப்பாவின் பட்டு வேட்டியில் இறங்கியது. என் தங்கை புகுந்த வீட்டில் இந்தக் கதையைப் பத்து வருஷம் கேட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. பைத்தியம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. ஏன் இப்படி என்பது மட்டும் புரியாமல் இருந்தது. அது புரிந்தது ஆரோக்கியத்தால்.

ஆரோக்கியம் சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். முப்பது வயது இருக்கும். கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய பங்களா. அதை அடுத்து ஒரு தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் பதினாலு வீடு. அதில் ஒன்று அவளுடையது. பங்களா மதிலுக்கும் பக்கத்துத் தோட்டத்து மதிலுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு சந்து உண்டு. அந்தப் பதினாலு வீட்டாரும் தண்ணீர்க் குழாய்க்கும் கோயிலுக்கும் வேலைக்கும் அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். சந்து இல்லையென்றால் கடல் மணலில் இறங்கிச் சுற்றவேண்டும். தலையிலும் இடுப்பிலும் குடத்தோடு மணலில் அரை மைல்.

பங்களாக்காரருக்கு அந்த ஆறடி தேவைப்பட்டது. மகன் சீமையில் படித்துவிட்டுத் திரும்புகிறான். அவனுக்கு ஒரு டென்னிஸ் மைதானம் போடவேண்டும். பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கிவிட்டார், நடுவில் சந்துதான் இடைஞ்சல். அது தன் இடம், சந்தே கிடையாது, இத்தனை நாள் போனால் போகிறது என்று விட்டிருந்தேன் என்று மனுக் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு ஒரு அதிகாரியையும் போட்டாகிவிட்டது. பழைய சர்வே படத்தில் சந்து இருக்கிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. அந்தப் படம் எங்கள் மாடியில் இருந்தது. படம்தான் வெளியே போகாதே! அதனால் அதிகாரியும் மற்றவர்களும் வியாழக்கிழமை எங்கள் நூலகத்துக்கு வருவதாக முடிவாயிற்று.

திங்கட்கிழமையே ஆரோக்கியம் வந்து என் மேஜைமுன் நின்றாள்.

"நக்ஷா சாயபுன்னு ஒருத்தர் கீறாராமே, எங்க?"

"மாடில. என்ன வேணும்?"

"எங்க சந்த நான் பாக்கணும். வியாழக்கெழம அல்லாரும் பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துடணும்."

கூட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போல் தலைமாடு அவர், கால்மாடு நான். படத்தைக் கிடத்தினோம். சாயபு ஒரு இடத்தில் விரல் வைக்காமல் பென்சில் நுனியால் காட்டினார். இரண்டு மெல்லிய கோடு, பக்கத்தில் பக்கத்தில்.

"இதுவா? இத்துனூண்டா?" என்றாள். குனிந்து மூச்சுப் படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "இத யாராச்சும் அழிச்சிடுவாங்களா சாயபு?"

"மையில போட்டது. அச்சும் ஆயிட்டுது. அழியாது."

அவள் விரல்களை முத்தமிட்டு அந்தக் கோட்டைத் தொட்டாள். படத்தில் ஈ உட்கார்ந்தாலே பதறுகிற மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அது புதுசாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பங்களாக்காரரின் குமாஸ்தா ஒரு சீட்டுக் கொண்டுவந்தான். எங்கள் நூலகத்து வரைபட அட்டவணையை அவர்கள் வரி விடாமல் படித்திருக்கிறார்கள். அந்தச் சர்வே படத்துக்கு முந்திய, கையால் வரைந்த கைப்படம் ஒன்று இருப்பது அட்டவணையில் இருந்தது. அதையும் நாளைக்கு எடுத்து வைக்கவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அட்டவணையைத் தயார் பண்ணியவர் சாயபுதான்.

சீட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மொதலியாரே, கதவ சாத்துங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கடைசி இழுப்பறையிலிருந்து அந்தக் கைப்படத்தை எடுத்தோம். யாரோ ஒரு இஞ்சினீர் குதிரைமேல் போகும்போது பையில் வைத்துக்கொள்வதற்காக எட்டாக மடித்து வைத்திருந்த படம். மடிப்பெல்லாம் தேய்ந்து, தேய்ந்த இடத்தின் இரண்டு ஓரத்திலும் அழுக்கு ஏறியிருந்தது. பங்களா இருக்கிற இடத்தில் ஒரு மடிப்பு குறுக்கே ஓடியது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில்.

"எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. படம் வரையற ஆபீசுல டிரேசர். இத என்கிட்ட குடுத்து பிரதி எடுன்னாங்க. எடுத்தேன். ரெண்டு கோடு பாத்தேன், சந்துன்னு நெனச்சேன், மை போட்டுட்டேன். அது சந்து இல்ல மொதலியாரே. மடிப்பு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

அவருடைய பிரதியிலிருந்துதான் அந்தச் சர்வே படம் அச்சாகி வந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தற்செயலாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்துபோயிற்று. மேலதிகாரியிடம் சொல்லப் பயம். அதற்குள் அச்சுப்படத்தைப் பார்த்து, பங்களாக்காரரின் அப்பா மதில் கட்டும்போது ஆறடி விட்டுக் கட்டியிருந்தார். சந்து என்று படத்தில் இருக்கிறதே என்று முனையில் விளக்குக் கம்பம் நட்டார்கள். விளக்கு வந்ததும் ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு குழாய் வந்தது. கைப்படம் இந்த ஜமீன்தார் பங்களாவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், இவர் அந்த ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

"அன்னிலேர்ந்து எதையும் மடிக்கல" என்றார். "மடிச்சா கோடு வுழும்."

தங்கை கல்யாணத்து இலை எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம், யோசனை வேறு சொன்னேன். "கைப்படத்தைக் கறையான் அரிச்சிட்டுதுன்னு சொல்லிடுங்க. பதினாலு வீட்டுக்குத் தண்ணி, யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கும் மானம் தப்பும்."

"கேட்ட படத்த இல்லன்னு சொல்லிட்டா, அப்பால நான் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறேன்?"

"அப்ப அந்தப் பொம்பளைங்க மணல்ல சுத்தட்டுமா?"

அவர் படத்தின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நான் கால்மாட்டைப் பிடிப்பதற்காக நின்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேப் ரூம் நிறைந்துவிட்டது. அதிகாரி குள்ளமாக, வியர்த்து வழிந்துகொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மோர் கேட்கிற மனிதர். பங்களாக்காரர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் எங்கள் காரியதரிசி. ஆரோக்கியமும் அவளோடு வந்த நாலைந்து பெண்களும் சுவரை ஒட்டி நின்றார்கள்.

அச்சுப்படத்தைக் கிடத்தினோம். "சந்து இருக்கே" என்றார் அதிகாரி. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. கைப்படத்தைக் கிடத்தினோம். "இதிலும் இருக்கே!" என்றார் அதிகாரி, மடிப்பைப் பார்த்து. பங்களாக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், சாயபு வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"சார், அது சந்து இல்ல, மடிப்பு" என்றார். பிறகு முழுசும் சொன்னார். டிரேசர் வேலை, பத்தொன்பது வயசு, மை போட்டது, பயந்தது. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

முதலில் அசைந்தவர் பங்களாக்காரர்தான். அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிக்கொண்டு, "அப்படியானால் எழுதிவிடலாமே" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"நில்லுங்க சாமி" என்று ஆரோக்கியம் முன்னால் வந்தாள். சாயபுவைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் எரிந்துபோகாதது ஆச்சரியம். "அடப்பாவி மனுசா! நான் முத்தம் குடுத்துட்டுப் போனேனே, அப்ப சொல்றதுக்கு இன்னா?" என்றாள். பிறகு அச்சுப்படத்தைக் காட்டி, "இந்தக் கோடு பொய்யின்னா, மத்ததெல்லாம் மெய்யா?" என்று கேட்டாள்.

"மத்ததெல்லாம் மெய்தாம்மா."

"அப்ப இது இன்னா, சந்துக்கு அந்தாண்ட? சின்னச் சின்னதா, துடப்பம் மாதிரி?"

"தென்ன மரம். அது தோப்பு." அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஒவ்வொரு மரமா நான் வரஞ்சது."

"அங்க ஏதுய்யா தோப்பு? ரெண்டே மரம். ஒண்ணு காய்க்கவே காய்க்காது. மிச்சம் அல்லாம் வூடு. எங்கம்மா பொறந்தது அங்க, நான் பொறந்தது அங்க. நாங்க இன்னா தேங்காயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இல்லாத சந்தப் போட்டுட்டோம்னு இத்தினி வருசமா அழுவுற. இருக்கற எங்கள உட்டுட்டியே, அதுக்கு ஒரு நாளாச்சும் அழுதியா?"

சாயபு குனிந்து படத்தைப் பார்த்தார். ஒரு தப்புக்காக முப்பது வருஷம் இலையைக்கூட மடிக்காமல் வாழ்ந்தவர். பக்கத்திலேயே அதைவிடப் பெரிய தப்பு கிடந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

நிமிர்ந்தபோது அதிகாரியிடம் பேசினார். "சார், இத வரஞ்சப்போ நான் அந்த எடத்த பாத்ததே இல்ல. ஆபீசுல குந்திக்கினு வரஞ்சேன். இத வெச்சி எதையும் எழுதாதீங்க. படம் இங்கயே இருக்கட்டும். நாம போலாம்."

"எங்கே?"

"அங்க. சந்துக்கு."

வெயிலைப் பார்த்து அதிகாரி முகம் சுளித்தார். இன்னொரு மோர் குடித்தார். ஆனால் எழுந்துவிட்டார். நாங்கள் எல்லாரும், பங்களாக்காரர் உட்பட, மயிலாப்பூரிலிருந்து சாந்தோமுக்கு ஊர்வலமாகப் போனோம்.

சந்து முனையில் விளக்குக் கம்பம் நின்றது. நடந்து நடந்து தரை நடுவில் பள்ளமாகியிருந்தது. குடத்தை இறக்கி வைத்து இளைப்பாறுகிற இடத்தில் கல் வழவழவென்று இருந்தது. சாயபு நில அளவைச் சங்கிலி பிடித்து அளந்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். பாதி அளந்துகொண்டிருக்கும்போது பங்களா மதிலில் ஒரு சின்னக் கதவு திறந்து, கூடையோடு ஒரு சமையற்காரர் சந்துக்குள் காலை வைத்தார். எங்களைப் பார்த்ததும் திகைத்து நின்றார்.

"எங்கே போகிறீர்?" என்றார் அதிகாரி.

"மீனுக்கு சார். தெனம் போறதுதான். இந்தக் கதவே சந்துக்குப் போறதுக்காகப் பெரிய ஐயா காலத்துல வெச்சது" என்றார் சமையற்காரர், எஜமானைக் கவனிக்காமல்.

அதிகாரி பங்களாக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அங்கேயே குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, சந்து இருக்கிறது, இருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீமையிலிருந்து வந்த மகன் டென்னிஸே ஆடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவனுக்குச் சீட்டாட்டம்தான் பிடித்ததாம்.

ஆனால் சாயபு சொன்னதைக் காரியதரிசியும் கேட்டுவிட்டாரே. படத்தில் தப்புப் பண்ணி மறைத்த ஆளை மேப் ரூமில் வைக்கலாமா என்று நூலகத்துக் கமிட்டி கூடிப் பேசியது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்து, சாயபுக்காக ஒரு பெரிய மனு எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு மாதம் மேப் ரூமைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரைச் செய்தித்தாள் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கப் பேப்பரை மடித்து அடுக்கவேண்டிய இடம்! அந்த ஒரு மாதமும் எங்கள் வாசகர்கள் வேட்டி காயப்போட்ட மாதிரி விரித்துக் கிடந்த பேப்பர்களைத்தான் படித்தார்கள்.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவர் சாந்தோமில்தான் இருந்தார். பதினாலு வீட்டையும் ஒவ்வொன்றாக அளந்தார். முதல் ஞாயிறு ஆரோக்கியம் அவரிடம் பேசவில்லை. இரண்டாவது ஞாயிறு, "வாசல மட்டும் அளந்துட்டுப் போறியே, கொல்லப்பக்கம் யார் அளக்கறது?" என்று கத்தினாளாம். மூன்றாவது ஞாயிறு ஆப்பம் கொடுத்தாளாம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாவி திரும்பி வந்ததும் புதுப் படத்தை முடித்தார். சந்தை அளந்தபடி போட்டார், தோப்பை எடுத்துவிட்டு இரண்டே இரண்டு மரம் போட்டார், பதினாலு வீட்டையும் கறுப்பு மையில் கட்டம் கட்டமாக நிரப்பினார். ஆரோக்கியத்தைக் கூட்டிவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். அவள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தாள். மாடியில் சாயங்கால வெயில் மேஜை வரைக்கும் வந்திருந்தது.

"இதுல என் வூடு எது?"

பென்சிலை வைத்துவிட்டு, தன் விரலாலேயே காட்டினார். அவள் குனிந்தாள்.

"இவ்ளோ சின்னதா?"

"படத்துல அல்லா வூடும் சின்னதுதாம்மா. இதோ பங்களா, பாரு. ஒரு கட்டவெரல்கூட இல்ல."

அவள் ஒரு விரலைப் பங்களாமேலும் இன்னொரு விரலைத் தன் வீட்டுமேலும் வைத்தாள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

"இன்னா சாயபு, ரெண்டும் ஒட்டிக்கினு கீது!"

"ஒட்டிக்கினுதாம்மா கீது" என்றார். "நடுவுல ஒரு சந்துதான்."